வெள்ளை டிரெய்லரில் இருபத்தேழு கைகள்

அக்டோபர் 11, வெள்ளி

இந்த டைரியை ஜனவரியில் ஒரு டயர் கடைக்காரர் அப்பாவுக்குக் கொடுத்தார். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு டயர் படம். டயர்க்காரர் கொடுத்த டைரி என்பதால் காற்று இறங்காமல் ஓடும் என்று நம்பி இன்று ஆரம்பிக்கிறேன். ஜனவரியிலிருந்து நேற்றுவரை எல்லாப் பக்கமும் வெள்ளை. அந்த நாட்களில் நான் ஒரு குற்றமும் செய்யவில்லை என்று சரித்திரம் நம்பிக்கொள்ளட்டும்.

பெயர் வான்மதி. பதினொன்றாம் வகுப்பு. வீட்டில் வாலு, பள்ளியில் வால்மதி. ஊர் சங்ககிரி. இங்கே கல்லை விட்டெறிந்தால் ஒரு லாரி மேல் விழும், நான் எறிந்து பார்த்திருக்கிறேன். அப்பா அர்த்தநாரி சொந்தமாக டிரெய்லர் ஓட்டுகிறார். முன்னால் இழுக்கிற தலைவண்டி தனி, அதன் பின்னால் முப்பத்திரண்டு அடிக்கு வெள்ளைத் தகரப் பெட்டி. வடக்கே போனால் முப்பது நாள், நாற்பது நாள். இந்த முறை நாற்பத்தொரு நாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அம்மா காலண்டரில் கோடு போடுகிறாள், கண்ணில் பட்டுத் தொலைகிறது.

இன்று ஆயுத பூஜை. வண்டிக்குப் பொட்டு வைக்கச் சொல்லி அம்மா என் கையில் மஞ்சள் கிண்ணத்தைக் கொடுத்தாள். அது அம்மாவின் தவறு. மஞ்சளில் சோப்புத் தண்ணீர் பட்டால் இரத்தச் சிவப்பாகும் என்று போன மாதம்தான் வேதியியல் ஆய்வகத்தில் பார்த்தேன். நாளைக் காலை வாட்டர் சர்வீஸ் வையாபுரி மாமா நுரை அடித்துக் கழுவ வருகிறார். பெயர்தான் வையாபுரி. வாயைத் திறந்தால் வைவார். பேய் என்றால் மட்டும் வாய் மூடிக்கொள்ளும்.

ஆகவே மஞ்சளில் கொஞ்சம் விளக்கெண்ணெய் குழைத்து, டிரெய்லரின் இடது பக்கம் முழுக்க என் வலது கையைப் பதித்தேன். வடக்குச் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் எட்டடிச் சந்து, யாரும் தொந்தரவு செய்யவில்லை. மொத்தம் இருபத்தேழு. இதற்குப் பெயர்தான் கைவரிசை. அம்மா பார்த்துவிட்டு, பெண்ணுக்குப் பக்தி வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னாள்.

ஒன்றுதான் புரியவில்லை. அப்பா கற்பூரத் தட்டோடு அந்தச் சந்து வழியாகவே சுற்றி வந்தார். இருபத்தேழு மஞ்சள் கைகளைத் தாண்டி வந்து, "பளிச்சுன்னு இருக்குது" என்றார்.

கிண்டலா?

அக்டோபர் 12, சனி

வெற்றி.

நுரை வழிய வழிய மஞ்சள் கைகள் ஆரஞ்சாகி, சிவப்பாகி, கொலை நடந்த இடம் போல ஆகிவிட்டன. வையாபுரி மாமா தண்ணீர்த் துப்பாக்கியைக் கீழே போட்டார். அது பாம்பு மாதிரி தரையில் துள்ளி அவர் வேட்டியையே கழுவியது. கேட் வரைக்கும் ஓடிப்போய் நின்று முருகனைக் கூப்பிட்டார். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு தான் அம்மா என்பது ஞாபகம் வந்து என்னை அடிக்க வந்தாள்.

அப்பா சிரிக்கவில்லை. சந்து முனையில் நின்றபடி என்னாச்சு, என்னாச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பத்தடி தூரத்தில் இருபத்தேழு சிவப்புக் கைகள், மனிதர் என்னாச்சு என்கிறார். நல்ல நடிப்பு. எனக்கு இந்தக் குணம் வேறு எங்கிருந்து வந்திருக்கும்? அப்புறம் பக்கத்தில் வந்து, மூக்குத் தகரத்தில் உரசுகிற அளவுக்குக் குனிந்து, ஒரு கைத்தடத்தின் மேல் தன் கையை வைத்துப் பார்த்தார்.

"உன்ற கையா?"

"ஆமாங்கப்பா."

"பெருசாயிருச்சு" என்றார். அவ்வளவுதான். வசவு இல்லை.

வசவு வராதது எனக்குப் பிடிக்கவில்லை. காரணம் மத்தியானம் அம்மா சொல்லித்தான் தெரிந்தது. நாமக்கல் பக்கம் ஒரு முட்டைப்பொடி கம்பெனி, சென்னைத் துறைமுகத்துக்குச் சரக்கு கொண்டுபோக வண்டி தேடுகிறதாம். சாப்பிடுகிற பொருள் என்பதால் வண்டியின் வெளிப்பக்கம்கூட ஒரு கறை இல்லாமல் வெள்ளையாக இருக்க வேண்டும். இருபத்தைந்தாம் தேதி அவர்களுடைய ஆள் வந்து பார்ப்பார். வண்டி தேறினால் அப்பா ஒரு நாள் விட்டு ஒரு நாள் வீட்டில் இருப்பார். தேறாவிட்டால் மறுபடி வடக்கு.

அப்பா என்னிடம் கோபமே இல்லாமல், "நீயே எடுத்துரு அம்மணி" என்றார்.

முட்டைப்பொடிக்கு முட்டை தேவைப்பட்டால் என் கணக்கு விடைத்தாளிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

துணி சோப்பு: இன்னும் சிவப்பு. சலவை சோடா: இன்னும் இன்னும் சிவப்பு. மண்ணெண்ணெய்: சிவப்பு மண்ணெண்ணெய். பற்பசை: புதினா வாசனையோடு சிவப்பு.

இருபத்தேழும் அப்படியே இருக்கின்றன. என்னைக் கைவிடாத கைகள்.

அக்டோபர் 14, திங்கள்

தின்னர் போட்டுத் தேய்த்தால் கறை இருக்கிறது, பெயின்ட் போகிறது. கையகல இடம் போன பிறகு நிறுத்தினேன்.

பள்ளி விட்டு வந்தபோது கந்தப்பன் அண்ணன் வந்திருந்தார். அப்பாவோடு வடக்கே போய்வரும் இரண்டாவது டிரைவர். வண்டியில் இருந்த தன் பையை எடுக்க வந்தாராம். வேறு வண்டிக்குப் போகிறாராம். நாக்பூரிலிருந்து முழு வழியும் தான்தான் ஓட்டி வந்ததாகச் சொன்னார். சொன்ன பிறகு சொல்லியிருக்கக் கூடாது என்பது போல வாயைத் துடைத்துக்கொண்டார். அம்மா டீ போடுகிறேன் என்றதற்கு நிற்கவில்லை. கேட் பக்கம் என்னைப் பார்த்து, "அப்பாவப் பாத்துக்க கண்ணு" என்றார். அப்பா எங்கே ஓடிப்போகிறார், பார்த்துக்கொள்ள?

சாயந்திரம் அப்பா டீ குடித்துவிட்டு டம்ளரை விசிப்பலகையில் வைத்தார். அதாவது, பலகைக்கு அரையடி இந்தப்புறம் காற்றில் வைத்தார். விழுந்தது. என் பாணியிலேயே எனக்குப் பதில் சொல்கிறார் என்று கை தட்டினேன். அவர் குனிந்து டம்ளரைத் தேடினார். காலடியில்தான் கிடந்தது.

தேடுகிற நடிப்பு கொஞ்சம் நீளம்.

அக்டோபர் 15, செவ்வாய்

மழை. பள்ளி பாதி நாள்.

வண்டி மேல் யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். கந்தப்பன் அண்ணன் போனது, கறை போகாதது, அப்பா சரியாகச் சாப்பிடாதது எல்லாவற்றுக்கும் அதே காரணம். ஒரு பூசணிக்காயில் குங்குமத்தை ரொப்பி, வண்டியைச் சுற்றி, ஓங்கிப் போட்டு உடைத்தாள். தெறித்தது. எங்கே என்று சொல்ல வேண்டுமா?

இருபத்தெட்டு.

அக்டோபர் 16, புதன்

வேதியியல் ரெஜினா மிஸ்ஸிடம், ஒரு தோழி வீட்டு டிரெய்லரில் மஞ்சள் கறை படிந்துவிட்டது என்றேன். மிஸ் என் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். ரேகைகளில் இன்னும் மஞ்சள். தோழியிடம் சொல், என்று ஆரம்பித்தார். சோப்பு இனி வேண்டவே வேண்டாம். எலுமிச்சைச் சாறு தடவினால் சிவப்பு பழைய மஞ்சளாகும். பிறகு ஒன்றும் செய்யாமல் வெயிலில் காட்ட வேண்டும். மஞ்சளின் நிறத்துக்கு வெயில்தான் எமன். அம்மாவின் சேலையில் படுகிற மஞ்சள் கொடியில் காயக் காய வெளுத்துப் போவது அதனால்தான்.

நான் நான்கு நாளாக விரல் தேய உழைத்ததெல்லாம் கறையை வளர்த்த கதை என்று தெரிந்தது. சும்மா இருந்தாலே போதுமாம். சும்மா இருப்பதில் நான் மாநில அளவு.

ஆனால் வண்டி கிழக்கே பார்த்து நிற்கிறது. கறைப் பக்கம் வடக்குச் சுவர் நிழலில். வண்டியைத் திருப்பி மேற்கே பார்த்து நிறுத்தினால் இடது பக்கம் தெற்கு வெயிலுக்கு வரும். அப்பாவுக்கு அது ஐந்து நிமிட வேலை. சொன்னேன். நாளைக்கு என்றார்.

எலுமிச்சை தேய்த்து முடித்தாயிற்று. அம்மாவின் குங்குமத்தைத் தேங்காய் எண்ணெய் வைத்து எடுத்தேன். மறுபடி மஞ்சள் கைகள் இருபத்தேழு.

அக்டோபர் 17, வியாழன்

நாளைக்கு என்றார்.

அக்டோபர் 18, வெள்ளி

நாளைக்கு என்றார். இன்னும் ஏழு நாள் இருக்கிறது. முற்றத்தில் வெயில் வீணாகப் போகிறது. வெயிலைப் பார்த்து எனக்கு வயிறு எரியும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

காலையில் செய்தித்தாளை நீட்டி, நீ படி, நான் கேட்கிறேன் என்றார். இராசிபலன் படித்தேன். அவருடைய இராசிக்கு "மகள் சொல்வதைக் கேட்கவும், வண்டியை உடனே மேற்கு நோக்கித் திருப்பவும்" என்று படித்தேன். சிரித்தார். பேப்பரை வாங்கிப் பார்ப்பார், காதைத் திருகுவார் என்று காத்திருந்தேன். வாங்கவில்லை.

அக்டோபர் 19, சனி

வண்டி திரும்பிவிட்டது. திருப்பியது வையாபுரி மாமா.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அப்பா தன் வண்டிச் சாவியைக் கந்தப்பன் அண்ணனைத் தவிர யாருக்கும் கொடுத்ததில்லை. என் மாமன்மார் கேட்டே கொடுக்காமல் ஒரு கல்யாணத்தில் சண்டை வந்தது. இன்று தோள்பட்டை வலி என்று சொல்லி, தண்ணீர் அடிக்கிற மாமாவின் கையில் சாவியைக் கொடுத்தார். மாமா தலைவண்டியில் ஏறி, மூன்று முறை முன்னும் பின்னும் எடுத்து, முருங்கை மரத்தின் ஒரு கிளையை ஒடித்து, ஒருவழியாகத் திருப்பினார். அப்பா விசிப்பலகையில் உட்கார்ந்து இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். கிளை ஒடிந்தபோதும் எழுந்திருக்கவில்லை.

தோள்பட்டை வலி என்றால் தைலம் தேய்ப்பாரே. தேய்க்கவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

வெயில். நாள் முழுக்க நாற்காலி போட்டு டிரெய்லரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். சத்தியமாக வெளுக்கிறது. சாயந்திரம் எண்ணினால் இருபத்தொன்று. மற்ற ஆறும் கை கழுவிவிட்டுப் போய்விட்டன.

அக்டோபர் 21, திங்கள்

மேகம். பத்தொன்பது.

அக்டோபர் 22, செவ்வாய்

காலையில் மேகம், மத்தியானம் மண்டை பிளக்கிற வெயில். ஆறு.

அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. முட்டைப்பொடி கம்பெனி கிடைத்துவிட்டால் போதும் என்றார். சேலம், உளுந்தூர்பேட்டை, சென்னை. இருபது வருடம் ஓட்டிய ரோடு. எந்த இடத்தில் பாலம், எந்த இடத்தில் பள்ளம், எந்தக் கடைக்கு எதிரே வேகத்தடை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். பாதிக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னார்.

"அந்த ரோட்டுல எனக்குக் கண்ணே வேண்டாம் அம்மணி."

அம்மா உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் நின்றது. அப்புறம் மறுபடி கேட்டது.

அக்டோபர் 23, புதன்

பூஜ்யம். வெள்ளை. அம்மா வந்து பார்த்து, என் தலையில் அடிக்கிற விளக்கெண்ணெய் நாற்றத்தையும் பொருட்படுத்தாமல் முத்தமிட்டாள். தின்னர் தின்ற இடத்துக்கு வையாபுரி மாமா பெயின்ட் தொட்டு வைத்தார். நுரை அடிக்கிற ஆள் பிரஷ் பிடித்ததால் கொஞ்சம் ஒழுகல், பரவாயில்லை.

அப்பாவைக் கூட்டிவந்து காட்டினேன். பத்தடி தள்ளி நின்று பார்த்தார்.

"ஒண்ணு இருக்குதே."

"எங்கீங்கப்பா?"

"அதோ, நடுவுல. கருப்பா."

நான் ஓடிப்போய் நடுவில் விரல் வைத்தேன். இல்லை, இன்னும் இடது என்றார். இடது பக்கம் போனேன். இன்னும் என்றார். போனேன். கொஞ்சம் மேலே என்றார். எகிறி வைத்தேன். இப்போது வலது பக்கம் போய்விட்டது என்றார். கறைக்குக் கால் முளைத்திருக்கிறதா என்றேன். சிரிப்பார் என்று திரும்பிப் பார்த்தேன். கையை நெற்றிக்குமேல் வைத்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, அந்தக் கறையைத் தேடிக்கொண்டிருந்தார்.

வண்டியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஓடினேன். கடைசியில் சும்மா ஒரு வெள்ளைத் தகரத்தில் எச்சில் தொட்டுத் தேய்த்து, "போயிருச்சுங்கப்பா" என்றேன்.

"இல்ல. இருக்குது."

இது விளையாட்டு என்றால், விதி என்னவென்று சொல்லாமல் ஆடுகிற விளையாட்டு.

அக்டோபர் 24, வியாழன்

பள்ளிக்குப் போகவில்லை. தலைவலி என்றேன். அது பாதி உண்மை.

அம்மா கடைக்குப் போன நேரம் ஒரு மஞ்சள் சாக்பீஸ் எடுத்தேன். டிரெய்லரின் வெள்ளைத் தகரத்தில் என் இடுப்பளவு எழுத்தில் எழுதினேன்: அர்த்தநாரி ஒரு பெரிய கழுதை. எழுத்து முப்பத்திரண்டு அடியில் இருபது அடியை அடைத்துக்கொண்டது. அப்பாவைக் கூப்பிட்டேன்.

வந்தார். போன தடவை நின்ற அதே இடத்தில் நின்றார். நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதட்டில் எங்காவது ஒரு சிரிப்பு துடித்தால்கூட எனக்குத் தெரிந்திருக்கும். அந்த முகத்தை நாற்பத்தொரு நாள் மனதிலேயே வரைந்து பார்த்தவள் நான்.

"அந்த ஒண்ணுதான் கண்ணு. மத்தபடி சுத்தம்."

உள்ளே போய்விட்டார். நான் ஈரத்துணி எடுத்து எல்லாவற்றையும் அழித்தேன். கழுதையை முதலில் அழித்தேன். எலுமிச்சைச் சாறு கண்ணில் தெறித்துவிட்டது. எலுமிச்சை தீர்ந்து எட்டு நாள் ஆகிறது என்பது வேறு விஷயம்.

அம்மா வந்ததும் சொன்னேன். அப்பாவுக்குக் கண் தெரியவில்லை, டம்ளர், பேப்பர், சாவி, எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா வெந்தயம் புடைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குச் சர்க்கரை, தினமும் ஊறவைத்துக் கொடுப்பாள்.

"உன்ற வெளையாட்டெல்லாம் எங்கிட்ட வேண்டாம்" என்றாள்.

"வெளையாட்டு இல்லீங்கம்மா."

"நாளைக்கு அந்த ஆளு வர்றாரு. வாயத் தொறந்தீன்னா பாரு."

பள்ளியில் பல்லி விழுந்தது என்று கத்தியது, போன வருடம் மாமா செத்துவிட்டதாகப் போன் பண்ணியது எல்லாம் ஞாபகம் வந்தது. ஆனால் அம்மா என் முகத்தைப் பார்த்து நம்பாமல் இருக்கவில்லை. முறத்தைப் பார்த்துத்தான் நம்பாமல் இருந்தாள். முறத்தில் கல்லே இல்லை. அப்படியும் பொறுக்கிக்கொண்டே இருந்தாள்.

அக்டோபர் 25, வெள்ளி

கம்பெனி ஆள் வந்தார். பெயர் செந்தாமரைக்கண்ணன். வெள்ளைக் கைக்குட்டையால் தகரத்தைத் துடைத்து, கைக்குட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஆறு இடத்தில் துடைத்தார். ஆறிலும் வெள்ளை. புது வண்டியா என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையிலேயே நான் செய்த மிகச் சுத்தமான வேலைக்கு என்னால் ஒரு ஜோக்குகூடச் சொல்ல முடியவில்லை.

நாளைக் காலை கம்பெனிக்கு வந்து, சரக்கு ஏற்றுகிற மேடையில் வண்டியைப் பின்னால் எடுத்துக் காட்ட வேண்டும். சரியாக இருந்தால் திங்கட்கிழமை முதல் லோடு.

அவர் போனதும் அப்பா, நாளைக்குச் சனிக்கிழமைதானே, நீயும் வா, பின்னால் நின்று தகரத்தில் தட்டு என்றார். ஏன் நான் என்று கேட்டேன்.

"உன்ற கைதான் எனக்குத் தெரியுமே" என்றார்.



அக்டோபர் 26, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். என் மூளை இன்னும் வரிசைக்கு வரவில்லை.

காலையில் வையாபுரி மாமாதான் கம்பெனிவரை ஓட்டிவந்தார். தோள்பட்டை வலி. கம்பெனி கேட்டுக்கு உள்ளே அப்பா ஸ்டியரிங்குக்கு மாறினார். சரக்கு மேடைக்கு அங்கே லோடிங் பே என்று பெயர். பேய் என்று சொல்லி மாமாவைக் கொஞ்சம் பயமுறுத்தினேன், பழக்க தோஷம்.

பெரிய வண்டி பின்னால் வரும்போது டிரைவருக்கு நேர் பின்னால் தெரியாது. அதனால் ஒருவர் பின்னால் நின்று தகரத்தில் தட்ட வேண்டும். இரண்டு தட்டு என்றால் வா. ஒரு தட்டு என்றால் நில். ஆனால் எந்த டிரைவரும் தட்டை மட்டும் நம்ப மாட்டார், இரண்டு பக்கக் கண்ணாடியையும் பார்த்துக்கொண்டேதான் வருவார்.

தட்டினேன். வந்தார். அழகாக வந்தார், இழுத்துக் கட்டிய கயிறு மேல் வருகிற மாதிரி. நான் தட்டுகிற வேகத்தைக் குறைத்தால் அவர் வேகம் குறைந்தது, கூட்டினால் கூடியது. செந்தாமரைக்கண்ணன் தலையை ஆட்டினார். பக்கக் கண்ணாடியில் அப்பாவின் முகம் எனக்குத் தெரிந்தது. அவர் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. நேரே முன்னால், யாருமில்லாத கேட்டைப் பார்த்தபடி, காதைப் பின்பக்கம் கொடுத்து உட்கார்ந்திருந்தார்.

அப்போது ஓட்டுநர் பக்கத்திலிருந்து, தலையில் வலைத்தொப்பி போட்ட ஒரு அம்மா, முகம் மறைகிற உயரத்துக்கு முட்டை அட்டைகளைச் சுமந்துகொண்டு வந்தார். கண்ணாடிக்கு நேர் எதிரே, தலைவண்டியை உரசிக்கொண்டு நடந்து, டிரெய்லருக்கும் மேடைக்கும் நடுவில் நுழைந்தார். நான் ஒரு தட்டுத் தட்டினேன். வண்டி நின்றது. அந்த அம்மா தாண்டிப் போனார். ஒரு முட்டைகூட உடையவில்லை. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. மேடைக்கு இன்னும் நாலடி. இரண்டு தட்டு தட்டினால் முடிந்தது. திங்கட்கிழமை லோடு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் அப்பா வீட்டில்.

கையை ஓங்கினேன். தட்டவில்லை.

"தட்டு அம்மணி" என்று முன்னாலிருந்து குரல் வந்தது.

தட்டவில்லை. மாமா என்னாச்சு என்றார். செந்தாமரைக்கண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். வேலை செய்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இன்ஜின் உறுமிக்கொண்டே நின்றது. இரண்டு தட்டு வராமல் அந்த வண்டியை அவரால் ஓர் அங்குலம் அசைக்க முடியவில்லை என்பதை அந்த முற்றத்தில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். அதை எல்லோரும் பார்க்கும்படி செய்தவள் நான்.

முன்னால் நடந்து போனேன். படியில் ஏறி, ஜன்னல் வழியாக, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டேன்.

"அப்பா, இப்ப உங்க பக்கமாப் போனாங்களே, அந்தம்மா என்ன நெறத்துல சேலை கட்டியிருந்தாங்க?"

அவர் என் பக்கம் திரும்பினார். என்னைவிட அரையடி மேலே பார்த்தார்.

"எந்தம்மா?"

 அவருக்கே புரிகிறவரை நின்றேன். ஸ்டியரிங்கில் இருந்த கை இரண்டும் மெதுவாக இறங்கின. இன்ஜினை அணைத்தார். சாவியை உருவி, காற்றில் நீட்டினார். நான் நகர்ந்துபோய் அந்தக் கைக்குக் கீழே என் கையைக் கொண்டுபோனேன்.

இறங்கும்போது, "எத்தனை பேரு பாக்கறாங்க?" என்று கேட்டார். பதினான்கு பேர். இரண்டு பேர் என்றேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

அப்பா என்னோடு பேசவில்லை.

அம்மா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவரோடு நெடுநேரம் பேசினாள். பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து என் தலையைப் பின்னிவிட்டாள். நன்றாக இருந்த பின்னலை அவிழ்த்துப் பின்னினாள். தனக்கும் தெரியும் என்று சொல்லவில்லை. எப்போதிலிருந்து என்று நானும் கேட்கவில்லை.

நான் செய்தது சரியா? சரி என்றால் ஏன் இப்படித் திருட்டுப் பண்ணிய மாதிரி இருக்கிறது?

அக்டோபர் 28, திங்கள்

சேலத்தில் கண் ஆஸ்பத்திரி. கண்ணில் சொட்டு விட்டு, ஒரு மணி நேரம் உட்காரவைத்து, வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். சர்க்கரையால் கண்ணின் உள்ளே இரத்தம் கசிந்திருக்கிறதாம். அதுதான் கருப்பாக மிதக்கிறதாம், பார்க்கிற பக்கமெல்லாம் கூடவே வருமாம். ஊசி போட வேண்டும், லேசர் வைக்க வேண்டும். கொஞ்சம் திரும்பி வரும். எவ்வளவு என்று இப்போது சொல்ல முடியாது. கனரக வண்டி இனி கூடவே கூடாது. எப்போதிலிருந்து இப்படி என்று டாக்டர் கேட்டதற்கு, ஆடியிலிருந்து என்றார் அப்பா. நான் சுவரில் இருந்த கண் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடி, ஆவணி, புரட்டாசி. எத்தனை ஊர், எத்தனை ரோடு, எத்தனை பேர் குறுக்கே நடந்திருப்பார்கள்.

செந்தாமரைக்கண்ணன் அம்மாவுக்குப் போன் பண்ணினாராம். வண்டி அவர்களுக்குச் சம்மதம். வேறு டிரைவர் போட்டு அனுப்ப வேண்டும். ஆக, டிரெய்லர் சென்னைக்குப் போகும். அப்பா தினமும் வீட்டில் இருப்பார். இதைத்தான் நான் கேட்டேன், இப்படிக் கேட்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் நானும் அப்பாவும் ஒரே சீட். கருப்புக் கண்ணாடி போட்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். மகுடஞ்சாவடி தாண்டியதும், எதிரே வந்த ஒரு வண்டி எங்களைக் கடந்தது. அப்பா இரண்டு நாள் கழித்து என்னிடம் வாயைத் திறந்தார்.

"பன்னெண்டு சக்கரம். சிமென்ட் லோடு."

எட்டிப் பார்த்தேன். சரி என்றேன். அடுத்தது கோழி வண்டி என்றார். அதை மூக்கு உள்ள யாரும் சொல்லலாம் என்றேன். உதட்டோரமாகச் சிரித்தார். அடுத்தது காலி டேங்கர் என்றார், சரி. அடுத்தது பால் வண்டி, அதுவும் சரி. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கை தானாகவே தொடைமேல் கியர் மாற்றியது.

அடுத்த வண்டி கடந்தது.

"டிரெய்லர். நம்முளுது மாதிரி, பொட்டி வெச்சது."

அது ஒரு பள்ளிக்கூட பஸ். மஞ்சள் நிறத்தில், குழந்தைகள் ஜன்னலில் கையை நீட்டிக்கொண்டு போனார்கள். ஆமாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். இதுவரை எத்தனை பொய் சொல்லியிருக்கிறேன், ஒரு நல்ல காரியத்துக்கு ஒன்று சொல்லக்கூடாதா? அவர் காத்துக்கொண்டிருந்தார். கருப்புக் கண்ணாடியில் என் முகம் சின்னதாக இரண்டு தெரிந்தது.

"இல்லீங்கப்பா. ஸ்கூல் பஸ்ஸு. நெறையக் கொழந்தைங்க."

தொடைமேல் கியர் மாற்றிய கை நின்றது. பிறகு தலையை ஆட்டினார்.

"எத்தனை கொழந்தைங்க?" என்று கேட்டார்.

நான் எண்ணவில்லை என்று உண்மையைச் சொன்னேன்.